இசைப் பட்டம் இருந்தா பாட்டு டீச்சர் ஆகலாமா?

கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துல இசை படிச்சுட்டு, மலைக்குக் கீழ ஒரு அரசுப் பள்ளியில பாட்டு டீச்சர் ஆகலாமா? ஆகலாம். ஆனா பட்டம் மட்டும் பத்தாது.

ஓவியம், இசை, தையல் சொல்லித் தர்றவங்க இங்கே 'சிறப்பாசிரியர்கள்'. 2017-ல ஆசிரியர் தேர்வு வாரியம் இவங்களுக்குப் போட்டித் தேர்வு அறிவிச்சுது. அதுக்கு முக்கியமான சான்றிதழ் டி.டி.சி., அதாவது தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ்.

வழக்கமான பாதை இதுதான்: அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துற லோயர், அப்புறம் ஹையர் தேர்வு. பிறகு 42 நாள் டி.டி.சி. பயிற்சி. அது நடக்குறது கோடை விடுமுறையில. கொடைக்கானல்ல மலர்க் கண்காட்சி களைகட்டுற அதே சீசன்ல. ஒரு கோடையைத் தவறவிட்டா ஒரு வருஷம் போச்சு. அதனால படிக்கும்போதே லோயர், ஹையரை முடிச்சு வெச்சுக்கோங்க.