ஜெபமாலையும் வாக்குச் சீட்டும்!

செப்டம்பர் பிறந்ததும் இங்கிலாந்திலே பள்ளிக்கூடங்கள் திறக்கின்றன. திறந்த சில வாரங்களுக்குள், கத்தோலிக்கத் துவக்கப் பள்ளிகளிலே ஒரு தேர்தல்! வேட்பாளருக்கு வயது ஒன்பது. வாக்காளருக்கு வயது எட்டு. சுவரிலே சிலுவை, மாடத்திலே மாதா சொரூபம், அதன் கீழே ஒரு மேசை, மேசைமீது அட்டைப் பெட்டி. அதுதான் வாக்குப் பெட்டி! எழுந்து நிற்கிறான் ஒரு சிறுவன். பந்து விளையாட இடம் கேட்பேன், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்பேன் என்று முழங்குகிறான். கைதட்டுகிறார்கள் பிள்ளைகள். சீட்டுகள் விழுகின்றன, எண்ணப்படுகின்றன, மாணவர் மன்றம் அமைகிறது. தோற்றவன் முகம் வாடுகிறது. ஆசிரியை அவனை அழைத்து, வென்றவன் கையைக் குலுக்கச் சொல்கிறார். குலுக்குகிறான், மனமில்லாமல்! அடுத்து அக்டோபர் வரும். அது ஜெபமாலை மாதம். சீட்டுப் பிடித்த அதே கையிலே ஜெபமாலை உருளும்.

பிள்ளை விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! அந்த அட்டைப் பெட்டிக்குப் பின்னாலே சர்க்காரின் கட்டளை நிற்கிறது. 2014-ஆம் ஆண்டு நவம்பரிலே கல்வித் துறை பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டு ஏட்டை அனுப்பியது. 'அடிப்படையான பிரிட்டிஷ் பண்புகள்' என்பது பொருள். பண்புகள் நான்கு: மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, தனி மனித உரிமை, மாற்றுச் சமயத்தாரையும் மாற்றுக் கருத்தினரையும் மதித்துப் பொறுத்துப் போதல். இவற்றைப் பழிக்காமல் இருந்தால் மட்டும் போதாது, முனைந்து வளர்க்க வேண்டும் என்றார்கள். 'ஆஃப்ஸ்டெட்' எனும் தணிக்கைத் துறையின் அதிகாரிகள் வருவார்கள். வளர்த்தீர்களா, எங்கே காட்டுங்கள் என்பார்கள். கத்தோலிக்கப் பள்ளிக்கு இன்னொரு தணிக்கையும் உண்டு. மதபோதனை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆயரின் ஆட்கள் தனியே வருவார்கள். பள்ளி ஒன்று, எசமானர் இருவர்!

ஆசிரியை என்ன செய்கிறார்? வகுப்பு விதிகளைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லி, கீழே கையெழுத்தும் போடச் சொல்கிறார். சட்டத்தின் ஆட்சி ஆயிற்று. மசூதிக்கும், யூதர் தொழுகைக் கூடத்துக்கும், குருத்துவாராவுக்கும் அழைத்துச் செல்கிறார். நல்ல சமாரியன் கதையைச் சொல்கிறார். அடிபட்டுக் கிடந்தவனைச் சொந்த மதத்துக் குருமார் கண்டும் காணாமல் போக, வேற்றான் என்று இகழப்பட்டவன் வந்து காயம் கட்டினான் அல்லவா, அந்தக் கதை! இதெல்லாம் எங்கள் வேதத்திலேயே இருக்கிறதே, சர்க்கார் வந்து சொல்லித்தரவேண்டுமா என்று கத்தோலிக்கப் பள்ளிகள் தங்கள் அறிக்கைகளிலே எழுதிக்கொள்கின்றன. பணிவான வாசகம்தான். உள்ளே ஒரு முள் இருக்கிறது.

முள்ளுக்குக் காரணம் இருக்கிறது. பண்புகளிலே குற்றமில்லை. அவை பிறந்த இடம்தான் வம்பு! அந்த நான்கும் முதன்முதலாக வரிசைப்படுத்தப்பட்டது பாடப் புத்தகத்திலே அல்ல. 2011-ஆம் ஆண்டு வந்த பயங்கரவாதத் தடுப்புத் திட்டத்திலே. பிறகு 2014-இலே பர்மிங்காம் நகரத்தில் ஒரு மொட்டைக் கடிதம் கிளம்பியது. முஸ்லிம்கள் பள்ளிகளைக் கைப்பற்றச் சதி செய்கிறார்கள் என்றது கடிதம். அது போலி என்பதே பரவலான முடிவு. ஆனால் அதை ஒட்டி எழுந்த அமளியிலேதான், கல்வி அமைச்சராயிருந்த மைக்கேல் கோவ், பள்ளிகள் எல்லாம் பிரிட்டிஷ் பண்புகளை வளர்த்தே தீரவேண்டும் என்று ஜூன் மாதத்தில் அறிவித்தார். நேர்மையாக வாழும் ஒரு தகப்பனிடம் போய், "உன் மகனுக்குத் திருடாதே என்று சொல்லிக்கொடு" என்றால் அவன் முகம் எப்படி இருக்கும்? முஸ்லிம் தகப்பனுக்கு அந்த வலி. கத்தோலிக்கத் தகப்பனுக்கோ வலியோடு பழைய கணக்கு ஒன்றும் உண்டு.

கணக்கைப் புரட்டுவோம். 1698-ஆம் ஆண்டின் சட்டம் என்று குறிக்கப்படும் சட்டம் ஒன்று இங்கிலாந்திலே இருந்தது. கத்தோலிக்கன் பள்ளிக்கூடம் நடத்தினால் தண்டனை என்ன தெரியுமா? அபராதம் அல்ல, ஆயுள் சிறை! பாடம் சொன்ன குற்றத்துக்கு ஆயுள் முழுவதும் சிறை! பாதிரியாரைப் பிடித்துக் கொடுத்தால் 100 பவுன் பரிசு. 1778-இலே அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பொறுத்ததா லண்டன்? 1780 ஜூனிலே, ஜார்ஜ் கார்டன் என்ற பிரபு கூட்டிய கூட்டம் கலகமாக மாறி, கத்தோலிக்கர் வீடுகளும் ஆலயங்களும் தீக்கிரையாயின. நியூகேட் சிறைச்சாலையும் எரிந்தது. பட்டாளம் சுட்டது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பள்ளி நடத்த முறையான அனுமதி 1791-இலே வந்தது. பாராளுமன்றத்திலே உட்கார உரிமை 1829 வரை வரவில்லை.

அந்த 1829-ஐயும் சும்மா கொடுத்தார்களா? அயர்லாந்திலே, கிளேர் தொகுதியிலே, 1828-இல் டேனியல் ஓக்கானல் நின்றார், வென்றார். கத்தோலிக்கன் நிற்கலாம், ஆனால் அவன் மதத்தை அவனே பழிக்கும் உறுதிமொழி எடுக்காமல் உள்ளே உட்கார முடியாது! குத்தகை நிலத்து ஏழை விவசாயிகள், நிலக்கிழாரின் கண்ணெதிரே, அவர் நிறுத்திய ஆளைத் தள்ளிவிட்டு ஓக்கானலுக்கு வாக்களித்தார்கள். அயர்லாந்து கொந்தளிக்கும் என்று வெல்லிங்டன் பிரபுவின் சர்க்கார் அஞ்சியது; சட்டம் வந்தது. கூடவே வந்தது இன்னொரு சட்டம்! அயர்லாந்தின் நாட்டுப்புறத் தொகுதிகளில் வாக்குரிமைக்கு வேண்டிய சொத்தின் ஆண்டு மதிப்பு 40 ஷில்லிங்காக இருந்தது, அதை 10 பவுனாக, அதாவது ஐந்து மடங்காக, உயர்த்தினார்கள். எந்த ஏழை ஓக்கானலை வெல்ல வைத்தானோ அவன் வாக்கே பறிபோயிற்று. பணக்காரக் கத்தோலிக்கனுக்கு நாற்காலி, பாடுபட்டவனுக்கு நாமம்!

பொறுமையைப் பற்றி யாருக்கு யார் பாடம் சொல்வது என்று கத்தோலிக்கர் கேட்டால், அந்தக் கேள்வியிலே நியாயம் இருக்கிறது. இன்றைக்கும் இங்கிலாந்தின் அரியணையிலே கத்தோலிக்கர் அமர முடியாது. கத்தோலிக்கரை மணந்தவர் அமரலாம் என்ற அளவுக்கு 2015-இலே கதவு திறந்தது, அதற்குமேல் திறக்கவில்லை. ஆங்கிலத் திருச்சபையின் ஆயர்கள் 26 பேருக்குப் பிரபுக்கள் சபையிலே இடம் உண்டு, ஒருவரும் தேர்தலிலே நின்றவரல்ல. ஒன்பது வயது வேட்பாளன் கேட்டால், ஆசிரியை என்ன விடை சொல்வார்?

சரி, கத்தோலிக்கத் திருச்சபை மட்டும் சகிப்புத்தன்மையின் சத்திரமா? ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மறுபக்கத்தை மடித்துவைப்பது நமக்குப் பழக்கமில்லை. 1553 முதல் 1558 வரை ஆண்ட மேரி அரசியின் காலத்திலே, போப்பை ஏற்காத குற்றத்துக்காக ஏறத்தாழ 280 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டனர். மக்களாட்சிப் பாடத்தின் முதல் வரியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் 'மாக்னா கார்ட்டா' 1215-இலே பிறந்தது. அதற்குத் துணை நின்ற பேராயர் ஸ்டீபன் லாங்டன் எங்கள் ஆள் என்று பெருமை பேசலாம். ஆனால் அது பிறந்த சில வாரங்களிலேயே, செல்லாது என்று தள்ளியவர் யார்? போப் மூன்றாம் இன்னசெண்ட்! மத சுதந்திரம் மனிதனுக்கு உரிமை என்பதை வாத்திகன் ஒப்புக்கொண்டு ஏடு வெளியிட்டது 1965-இலே. 1864-இலே அதைப் பிழைகளின் பட்டியலிலே சேர்த்திருந்த அதே வாத்திகன்தான். இன்றும், மாணவர் மன்றத்துக்குத் தேர்தல் நடக்கும் அந்தப் பள்ளியிலே தலைமையாசிரியர் நாற்காலி கத்தோலிக்கர் அல்லாதவருக்குக் கிடையாது. ஆசிரியர் சம்பளமோ பொதுமக்கள் வரிப்பணம். கட்டடச் செலவிலே 10 சதவிகிதம் மட்டும் சபையின் பொறுப்பு. இதையும் பிள்ளை கேட்டால்?

ஆகவே, முடியும் தரவில்லை, முடிசூட்டிய சபையும் தரவில்லை. இந்த நான்கு பண்புகளும், 40 ஷில்லிங் நிலத்துக்காரன் போன்றவர்கள் இரு பக்கமும் இடித்து இடித்துப் பெற்றவை. அந்த இடியின் ஓசை வகுப்பறையிலே கேட்கிறதா? பெரும்பாலும் கேட்பதில்லை. கொடி வரைந்து, நான்கு சொல்லை நான்கு நிறத்திலே எழுதிச் சுவரிலே ஒட்டிவிட்டால் தணிக்கை அதிகாரி திருப்தியடைகிறார். சொல் மட்டும் சுவரிலே. அதைச் சம்பாதித்தவன் பெயர் எங்கும் இல்லை!

அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் யார் யார்? ஐரிஷ் தொழிலாளியின் கொள்ளுப்பேரன், போலந்துத் தச்சன் மகன், நைஜீரியக் குடும்பத்துப் பெண், கேரளத்திலிருந்து போன நர்சம்மாவின் பிள்ளை, இலங்கைப் போருக்குத் தப்பிச் சென்ற தமிழரின் பேரப்பிள்ளை. 'பிரிட்டிஷ் பண்பு' என்ற பலகையைப் படித்ததும் இந்தப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? இவை வேறு யாருடைய வீட்டுச் சொத்தோ, நமக்கு இரவல் தருகிறார்கள் போலும் என்றல்லவா தோன்றும்! கத்தோலிக்கருக்குப் பாராளுமன்றக் கதவைத் திறந்த சட்டத்துக்கு மன்னர் நான்காம் ஜார்ஜ் ஒப்புதல் தந்த நாள் 1829 ஏப்ரல் 13. சரியாகத் தொண்ணூறு ஆண்டு கழித்து, 1919 ஏப்ரல் 13-இலே, அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகிலே, கூடியிருந்த மக்கள்மீது எச்சரிக்கை கூட இன்றிச் சுட்டது அதே மன்னர் வழியின் பட்டாளம். நாள் ஒன்று, முத்திரை ஒன்று! எது பிரிட்டிஷ் பண்பு என்று இந்தியக் குழந்தைக்கு விளக்க, ஒட்டுத்தாள் போதாது.

பாடமே வேண்டாம் என்கிறோமா? இல்லை, வேண்டும்! தோற்றவன் வென்றவன் கையைக் குலுக்கினானே, அது சிறு காரியம் அல்ல. அதைக் கற்காத பெரியவர்களால் கவிழ்ந்த நாடுகள் உண்டு. அந்தக் குலுக்கலுக்கு நாம் தலை வணங்குகிறோம். நாம் கேட்பதெல்லாம், அந்தப் பள்ளியின் பழங்கதை ஒன்றையும் கூடவே சொல்லுங்கள் என்பதுதான்.

1889 ஆகஸ்டு. லண்டன் துறைமுகத்திலே மூட்டை தூக்கும் தொழிலாளர் வேலைநிறுத்தம். ஒரு மணி நேர உழைப்புக்கு ஐந்து பென்சு கூலி. ஆறு பென்சு கேட்டார்கள். ஒரு பென்சு, ஒரே ஒரு பென்சு கூட! துறைமுகமே ஓய்ந்தது. வேலைநிறுத்தக்காரரிலே பலர் ஐரிஷ் கத்தோலிக்கர். அடுப்பு அணைந்த வீடுகள்; பட்டினிக் குழந்தைகள். கடல் கடந்து ஆஸ்திரேலியத் தொழிலாளர் முப்பதாயிரம் பவுன் திரட்டி அனுப்பினார்கள். முதலாளிகள் இறங்கி வந்தார்கள், ஆனால் ஆறு பென்சு ஜனவரியிலிருந்துதான் என்றார்கள். தொழிலாளரோ இப்போதே என்றார்கள். இடையிலே நடந்தார் 81 வயதுக் கிழவர், கர்தினால் மேனிங்.

செப்டம்பர் 10-ஆம் நாள், கிழக்கு லண்டன் பாப்லர் பகுதியிலே கூடினார்கள். எங்கே? கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் ஒன்றிலே! பிள்ளைகள் உட்காரும் அறையிலே வேலைநிறுத்தக் குழுவினர். மணிக்கணக்காகப் பேசினார் கிழவர். மறுத்துப் பேசினார்கள் தொழிலாளர். கர்தினால் என்பதற்காக யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை. கடைசியிலே வாக்கெடுப்பு. எதிர்த்தவர்களும் இருந்தார்கள், பெரும்பான்மை ஏற்றது. நவம்பர் 4 முதல் ஆறு பென்சு என்ற உடன்பாட்டுக்கு வழி பிறந்தது. மாதம் பாதி கடந்தபோது ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அன்று அந்த அறையிலே, கர்தினால் தலைக்கு மேலே, ஒரு மாதா சொரூபம் இருந்தது.