உளச்சிகிச்சையில் நாட்குறிப்பு: குற்றாலக் கடித மரபை முன்வைத்து

உளச்சிகிச்சையில் நாட்குறிப்பு துணைக்கருவியே, சிகிச்சைக்கு மாற்றன்று. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம், தம் துயர அனுபவங்களை எழுதினர். எழுதி முடித்தவுடன் அவர்தம் வருத்தம் மிகுந்தது. எனினும் நிகழ்வையும் அதுகுறித்த உணர்வையும் இணைத்து எழுதியோர், பின்வந்த மாதங்களில் மருத்துவ மையத்தை நாடியது குறைந்தது. உடனடி வருத்தம் மிகுதலின், கடுந்துயருற்றவரிடம் ஏட்டைக் கொடுத்துத் தனியே விட்டுவிடுதல் தகாது.

தமிழ்க் குடும்பச் சூழலில் வேறொரு தடையும் உண்டு: பலர் புழங்கும் வீட்டில் நாட்குறிப்பு அந்தரங்கமாக நீடிப்பது அரிது. தனக்குத்தானே எழுதுவதும் பலர்க்குச் செயற்கையாகத் தோன்றும். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. தம் நண்பர்க்கு எழுதிய கடிதங்கள் நூலுருப் பெற்றவை. எதிரே ஒருவரை இருத்திப் பேசுவதுபோல் எழுதும் அம்மரபு இங்குப் பலர்க்கும் பழகியது. எனவே நாட்குறிப்பை அனுப்பப்படாத கடிதமாக எழுதச் செய்யலாம். அதனை அடுத்த அமர்வில் வாசிப்பதா, கிழித்துவிடுவதா என்பது எழுதியவர் உரிமை.