மாமா விலை பேசிய துப்பாக்கி

"மருமவனே, நீ காலேஜில என்.சி.சி.தானே? துப்பாக்கியப் பத்தித் தெரியும்லா? நாளைக்கு மார்த்தாண்டம் வரைக்கும் வா!"

போனில் மாமா. தெரியும் என்று சொல்லித் தொலைத்தேன். (என்.சி.சி.யில் நான் சுட்டது மொத்தம் பத்துக் குண்டு. அதில் இரண்டு, பக்கத்தில் படுத்திருந்தவன் டார்கெட்டில் கிடைத்தன!)

மாமாவுக்குப் பூதப்பாண்டியில் வயலும் வாழையும். லைசென்ஸ் ஏற்கெனவே உண்டு. ஆசைதான் பாக்கி. மார்த்தாண்டத்தில் ஒரு ரிட்டயர்டு பெரியவர், தன் அப்பா காலத்து பாயிண்ட் டூ டூ ரைஃபிளை விற்கிறார். பத்தாயிரம் அட்வான்ஸ் கை மாறியாச்சு. பார்த்து வாங்குவதற்குப் பதில் வாங்கிவிட்டுப் பார்ப்பது எங்கள் குடும்ப வழக்கம்.

பெரியவர் போல்ட்டைத் திறந்து உள்ளே காலி என்று காட்டினார். நான் கையில் வாங்கவில்லை. லைசென்ஸ் அவருக்குத்தானே? செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தேன், நகைக்கடை சேட்டு மாதிரி.

அடிக்கட்டை ஒரிஜினல் இல்லை. பழைய சீமை மரம் போய், நம்மூர் ஆசாரி பலாவில் இழைத்தது. வேலை பிரமாதம்! மேலே ஸ்கோப் மாட்ட யாரோ துளை போட்டிருக்கிறார்கள். போகட்டும். உடம்பில் ஒரு நம்பர், போல்ட்டில் வேறு நம்பர். லைசென்ஸ் புத்தகத்தோடு உடம்பு நம்பர் டாலி ஆனது. பி.காம். படித்த மனசுக்கு அதில் ஒரு நிம்மதி.

மாற்றம் என்றாலே கோளாறு இல்லை. நாங்கள் என்.சி.சி.யில் 25 கஜத்தில் சுட்டது ராணுவ த்ரீ நாட் த்ரீயின் வாரிசு. அந்தக் காலத்தில் பழைய பேரலுக்குள் சின்னக் குழல் ஒன்றைச் செருகி, போல்ட் தலையையும் மாற்றிப் பயிற்சித் துப்பாக்கி ஆக்கினார்கள். பெரிய தோட்டாவுக்கு நடுவில் ஊசி குத்த வேண்டும். பாயிண்ட் டூ டூவுக்கு வெடிக்கும் மருந்து அடிவிளிம்பில் இருப்பதால் ஓரத்தில் குத்த வேண்டும். அதற்குத்தான் புதுத் தலை. எல்லாம் முறையாக, முத்திரை குத்தி, கணக்கில் ஏற்றிச் செய்தது.

இங்கே குழலின் வாய்க்கு வந்தபோதுதான் எனக்கு உறுத்தியது. வாய் விளிம்பு உருண்டு வழவழப்பாக இருக்க வேண்டும். இதில் அரத்தின் கீறல்கள். நுனியில் குறிபார்க்கும் முள்ளைச் சுற்றிப் பற்றவைத்த மஞ்சள் தழும்பு. மற்ற இடமெல்லாம் கறுப்பு நீலம், அங்கே மட்டும் வெள்ளை இரும்பு.

"வெட்டியிருக்கா?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி, அப்பா தந்தபடியே இருக்கு" என்றார் பெரியவர்.

சுவரில் அவர் அப்பாவின் போட்டோ. நாற்காலியில் கம்பீரமாக, மடியில் இதே துப்பாக்கி. ஆனால் படத்தில், கட்டையைத் தாண்டி நீண்ட குழல் ஏறக்குறைய ஒரு முழம். கையில் உள்ளது ஒரு சாண்கூட இல்லை. ஆடிட்டுக்குப் போனவனுக்கு அலமாரியிலிருந்து வவுச்சர் தானாக விழுந்த மாதிரி!

பெரியவர் போட்டோவையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "இத்தன வருஷம் இந்தப் படத்துக்குத் தினமும் வெளக்கு வச்சிருக்கேன் தம்பி..." என்றார். பாவம், நிஜமாகவே தெரியாதுபோல.

1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவு, அதற்கென்று லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குறைக்கக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் அதே பிரிவில் சேர்த்துவிட்டார்கள். விற்பதற்கும் சும்மா கை நீட்ட முடியாது. யாருக்கு விற்கிறோம் என்று கலெக்டருக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் பொறுக்க வேண்டும். (அதற்குள் ஒரு கல்யாணமே முடிந்துவிடும்.) அந்தக் கடுதாசியும் இன்னும் எழுதப்படவில்லை. நல்லவேளை!

திரும்பும் வழியில் பஸ்ஸில் மாமா பேசவே இல்லை. தக்கலை தாண்டியதும் கேட்டார்: "வாங்கியிருந்தா?"

"வெட்டினது யார்னு ஒங்ககிட்டதான் மொதல்ல கேப்பாங்க மாமா."

"சவத்த விடு!"

மறுநாளே பெரியவர் அந்தப் போட்டோவோடு ஒரு வக்கீலைப் பார்த்து, துப்பாக்கியை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிட்டார் என்று கேள்வி. அட்வான்ஸில் ஆறாயிரம் திரும்பி வந்தது. மீதி நாலாயிரத்துக்கு ஏத்தங்குலையாகத் தருகிறாராம். வாழைத்தோட்டக்காரருக்கே வாழைக்குலை!

மாமா இப்போது அந்த ஆசாரியின் விலாசத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஊஞ்சல் பலகைக்கு.