சாஃப்ட்வேர் ஓடுது, ஸ்கேனர் ஏன் ஓடலை? - பழைய கருவியும் புதிய கம்ப்யூட்டரும்

பழைய கம்ப்யூட்டரை மாற்றிப் புதிது வாங்கியாச்சு. பல வருடங்களாகப் பயன்படுத்திய பில்லிங் சாஃப்ட்வேரை ஏற்றினால், அதுவும் திறக்கிறது. ஆனால், பழைய ஸ்கேனரை இணைத்தால் மட்டும் ‘டிரைவர் இல்லை’ என்று கைவிரிக்கிறது. ஏன் இப்படி?

டிரைவர் என்பது என்ன?

கருவிக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நின்று, ஒன்று சொல்வதை மற்றொன்றுக்குப் புரியவைக்கும் சிறிய மென்பொருள்தான் டிரைவர். கருவி நல்ல நிலையில் இருந்தாலும் டிரைவர் இல்லையென்றால் வேலை நடக்காது.

சிக்கல் எங்கே?

பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இருந்தது 32 பிட் விண்டோஸ். 2021இல் வெளியான விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே கிடைக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அதனால், ‘பிறகு பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டவர்களும் இப்போது மாற வேண்டியிருக்கிறது.

64 பிட் விண்டோஸுக்குள் ‘வாவ்64’ என்றொரு ஏற்பாடு உண்டு. 32 பிட் சாஃப்ட்வேர் கேட்பதை 64 பிட்டுக்கு மாற்றிக்கொடுப்பது இதுதான். பழைய சாஃப்ட்வேர் ஓடும் ரகசியமும் இதுவே. ஆனால், டிரைவர்கள் பல இயங்குவது ‘கெர்னல்’ எனப்படும் விண்டோஸின் மையப் பகுதியில். அங்கே ஒரு பிழை நேர்ந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் பிழைத்திரை காட்டி நின்றுவிடும். அந்த இடத்தில் இந்த மொழிமாற்ற வசதி கிடையாது. 64 பிட் விண்டோஸ் என்றால் கெர்னல் டிரைவரும் 64 பிட்தான்.

பழைய சாஃப்ட்வேரும் புதிய டிரைவரும் சேருமா?

பெரும்பாலும் சேரும். பிரிண்டர்களுக்கு விண்டோஸே ‘எஸ்பிஎல்வாவ்64’ என்ற புரோகிராமை நடுவில் ஓடவிட்டுச் சமாளிக்கிறது. மற்ற கருவிகளுக்கு டிரைவரை எழுதியவர்தான் கவனித்திருக்க வேண்டும். நினைவக முகவரிக்கு 32 பிட் சாஃப்ட்வேர் 4 பைட் அனுப்பும். 64 பிட் டிரைவர் 8 பைட் எதிர்பார்க்கும். இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் தகவல் தாறுமாறாகிவிடும்.

ஆர்ம் சிப் கொண்ட விண்டோஸ் லேப்டாப்களிலும் இதே கதைதான். இன்டெல் சிப்புக்கு எழுதிய சாஃப்ட்வேரை அவை மொழிமாற்றி ஓட்டும். கெர்னல் டிரைவரை ஓட்டாது. 2020இல் ஆப்பிள் கொண்டுவந்த ‘ரொசெட்டா 2’வுக்கும் இதே எல்லை உண்டு.

என்ன செய்யலாம்?

* கருவியின் மாடல் எண்ணைக் கொடுத்து, தயாரிப்பாளரின் இணையதளத்தில் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்ம் லேப்டாப் என்றால் அதற்கான டிரைவரைத் தனியாகத் தேட வேண்டும். ‘இலவச டிரைவர்’ என்று கூவும் தளங்கள் பக்கம் போக வேண்டாம்.

* டிரைவர் கிடைக்கவில்லையா? இன்டெல், ஏஎம்டி சிப் உள்ள கம்ப்யூட்டரில் ‘விர்ச்சுவல்பாக்ஸ்’ மூலம் பழைய விண்டோஸை ஓட்டி, யுஎஸ்பி கருவியை அதனிடம் ஒப்படைத்துப் பார்க்கலாம். பழைய டிரைவர் அதற்குள் வேலை செய்ய வாய்ப்புண்டு.

* பழைய ஸ்கேனர்கள் பலவற்றை லினக்ஸில் ‘சேன்’ என்ற இலவச மென்பொருள் இயக்குகிறது.

* டாஸ் காலத்து 16 பிட் சாஃப்ட்வேர் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. ‘டாஸ்பாக்ஸ்’ போன்றவை தேவை.

* எதுவும் சரிவரவில்லையென்றால், பழைய கம்ப்யூட்டரை இணைய இணைப்பில்லாமல் அந்தக் கருவிக்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

புதிய கம்ப்யூட்டர் வாங்கும்போது ‘என் சாஃப்ட்வேர் ஓடுமா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘என் கருவிக்கு டிரைவர் இருக்கா?’ என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால், பழுதே ஆகாத ஸ்கேனரைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதுதான்.