34 லட்சம் விற்றும் 'போதாது'... லாரா கிராஃப்ட்டை ஜப்பான் நிறுவனம் கைகழுவியது ஏன்?

ஏஞ்சலினா ஜோலி நடித்த 'டூம் ரைடர்' படம் ஞாபகம் இருக்கா? அந்த லாரா கிராஃப்ட் பிறந்தது சினிமாவில் இல்லை, 1996-ல் வந்த ஒரு வீடியோ கேமில். பிரிட்டனில் பிறந்த அந்தக் கதாபாத்திரம், 13 ஆண்டுகள் ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. 'ஃபைனல் ஃபேன்டஸி' கேம்களை வெளியிடும் அதே நிறுவனம்தான்.

2022 மே மாதம், லாராவை விற்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அமெரிக்காவின் கிரிஸ்டல் டைனமிக்ஸ், கனடாவின் ஈடோஸ் மான்ட்ரியல், ஸ்கொயர் எனிக்ஸ் மான்ட்ரியல் என 3 ஸ்டூடியோக்கள், சுமார் 1,100 ஊழியர்கள், 50-க்கும் மேற்பட்ட பழைய கேம்கள்... எல்லாம் சேர்த்து 30 கோடி டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 2,300 கோடி ரூபாய். வாங்கியது ஸ்வீடனின் எம்ப்ரேசர் குழுமம்.

இது மலிவா? அதே 2022-ல், பங்கி என்ற ஒரே ஒரு ஸ்டூடியோவுக்கு சோனி அறிவித்த விலை 360 கோடி டாலர்!

முதலில் ஏன் வாங்கினார்கள்?

ஜப்பான் சந்தையை மட்டும் நம்பி பெரிய பட்ஜெட் கேம் எடுக்க முடியாது. அமெரிக்கா, ஐரோப்பா ரசிகர்களும் வேண்டும். அதனால் 2009-ல் பிரிட்டனின் ஈடோஸ் நிறுவனத்தை 8.43 கோடி பவுண்டுக்கு வாங்கியது ஸ்கொயர் எனிக்ஸ். டூம் ரைடர், ஹிட்மேன், டியூஸ் எக்ஸ் எல்லாம் ஒரே நாளில் கைக்கு வந்தன.

விற்பனை இருந்தும் என்ன சிக்கல்?

2013-ல் வந்த புதிய டூம் ரைடர், முதல் 4 வாரங்களில் 34 லட்சம் பிரதிகள் விற்றது. ஆனாலும் எதிர்பார்த்த அளவு இல்லை என்றது நிறுவனம். அந்த ஆண்டே தலைவர் யோய்ச்சி வாடா பதவி விலகினார்.

காரணம் செலவுதான். பெரிய கேம் என்றால் நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைக்கணும். முதல் பிரதி விற்கும் முன்பே அவ்வளவு பணமும் செலவாகிவிடும். ஆயிரம் பேருக்குச் சமைத்து ஐந்நூறு பேர் சாப்பிட்ட கல்யாணம் மாதிரி. பந்தியில் கூட்டம் தெரியும், நஷ்டம் சமையல்கட்டில்தான் தெரியும்.

2020-ல் வந்த 'மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்' அடுத்த அடி. முடிவு ஏமாற்றம்தான் என்று அடுத்த தலைவர் யோசுகே மட்சுடாவே ஆண்டறிக்கையில் ஒப்புக்கொண்டார்.

விற்பனையை அறிவித்தபோது பிளாக்செயின், ஏஐ, கிளவுட் துறைகளில் முதலீடு செய்யப்போவதாகச் சொன்னது நிறுவனம். ரசிகர்கள் கொதித்தார்கள். 'பணம் முக்கியமாக கேம் தயாரிப்புக்கே' என்று பிறகு விளக்கம் வந்தது.

விற்ற பிறகு என்ன ஆச்சு?

ஆகஸ்டில் கைமாற்றம் முடிந்தது. ஸ்கொயர் எனிக்ஸ் மான்ட்ரியலுக்கு அக்டோபரில் 'ஒனோமா' என்று புதுப் பெயர் வைத்தார்கள். நவம்பரில் அதை மூடப்போவதாக அறிவிப்பு. புதுப் பெயருக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை!

2023-ல் எம்ப்ரேசருக்கே பணச்சிக்கல். 200 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் கைநழுவ, ஆட்குறைப்பு தொடங்கியது. 2024 ஜனவரியில் ஈடோஸ் மான்ட்ரியலில் 97 பேர் வேலை இழந்தனர்.

டூம் ரைடர் மட்டும் தப்பியது. அடுத்த கேமை அமேசான் வெளியிடும் என்று 2022 டிசம்பரிலேயே அறிவிப்பு வந்துவிட்டது.

தப்பித்த ஒரே ஸ்டூடியோ

ஹிட்மேனை உருவாக்கிய டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ் கதை வேறு. 2017-ல் ஸ்கொயர் எனிக்ஸ் கைவிட்டபோது, நிர்வாகிகளே அதை வாங்கிக்கொண்டார்கள். முக்கியமாக, ஹிட்மேன் உரிமையும் அவர்களிடமே வந்தது. பிறகு ஹிட்மேன் 3 போட்ட முதலைச் சீக்கிரமே எடுத்தது, ஜேம்ஸ் பாண்ட் கேம் எடுக்கும் வாய்ப்பும் கிடைத்தது.

இப்போது நிலை என்ன?

'எண்ணிக்கையை விட தரம்' என்று 2024-ல் புதிய தலைவர் தகாஷி கிர்யூ திட்டம் அறிவித்தார். 2025 நவம்பரில், கேம் தயாரிப்பை ஜப்பானிலேயே ஒருங்கிணைக்கப் போவதாகச் சொன்னது நிறுவனம். 2009-ல் மேற்கு நோக்கிப் போன பயணம், கிட்டத்தட்ட வீடு திரும்பிவிட்டது.

ஆக, பெயர் பெற்ற கதாபாத்திரத்துக்கு எப்படியும் அடுத்த முதலாளி கிடைத்துவிடுவார். அதை உருவாக்கியவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. உரிமையைக் கையில் வைத்திருந்த ஐஓ மட்டும்தான் தன் முடிவைத் தானே எடுக்க முடிந்தது.