அருவிக்கு மேலே மனிதர்கள்

விடுமுறை நாள் என்றால் மணிமுத்தாறு அருவியில் குளிக்கக் கூட்டம் அலைமோதும். வனத்துறை அனுமதி கிடைத்தால் மாஞ்சோலை வரை போய், தேயிலைத் தோட்டத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தத் தேயிலையை வளர்த்த கைகள் படத்தில் விழுவதில்லை.

களக்காடு முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988-ல் அறிவிக்கப்பட்டது. தாமிரபரணிக்கு நீர் தரும் காடு இது. காடு பிழைத்தால்தான் கீழே வயல் பிழைக்கும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால், சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட 8,373 ஏக்கர் மலையில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித் மக்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும், குடியிருந்த லைன் வீடுகூட அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும் கைதான தோழர்களின் விடுதலையும் கேட்டு நெல்லையில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். 2024-ல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தோட்ட வேலையும் முடிக்கப்பட்டது.

காட்டை மீட்பது சரி. அதன் சுமை முழுவதையும் கூலிக்காரர் தலையில் ஏற்றுவது எப்படிச் சரி? மலையிறங்கும் குடும்பங்களுக்கு வீட்டோடு விளைநிலமும் வேண்டும் என்கிறோம். சுற்றுலா வழிகாட்டி வேலையும் வனக்காவல் வேலையும் முதலில் அவர்கள் பிள்ளைகளுக்கே தரப்பட வேண்டும். யானை வரும் வழி அவர்களுக்குத் தெரியும்.