தப்பாக அழுத்தினால் என்ன ஆகும்?

கணினியைக் கண்டால் ஒதுங்கிப் போகும் நண்பர் ஒருவராவது எல்லோருக்கும் இருப்பார். "எதையாவது தப்பா அமுக்கி மெஷின் கெட்டுப்போயிட்டா?" என்பதுதான் அவருடைய பயம். விசையை அழுத்துவதால் கணினி கெட்டுப்போவதில்லை. ஆனால் இதை வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார், கையால் செய்து பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் பாடம், கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு இசட்டைத் தட்டுவது. எழுதும் மென்பொருள் நாம் செய்யும் மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துத் தட்டினால் கடைசியாகச் செய்தது விலகும். மறுபடி தட்டினால் அதற்கு முந்தையதும் விலகும். வேண்டுமென்றே ஒரு பத்தியை அழிக்கச் சொல்லுங்கள், அவரே மீட்கட்டும். டெஸ்க்டாப்பில் அழித்த கோப்பும் உடனே ஒழிந்துவிடாது. ரீசைக்கிள் பின்னில் கிடக்கும்.

அடுத்தது மவுஸ். பழகியவர்களுக்கு இதில் கற்க என்ன இருக்கிறது என்று தோன்றும், புதியவர் அதிகம் திணறுவதோ இங்கேதான். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் திணறல் குறையும். முதல் மவுஸுக்கு, கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பர்ட்டின் யோசனைப்படி 1964இல் பில் இங்கிலிஷ் வடிவம் கொடுத்தார். மரப்பெட்டி, அடியில் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இரண்டு சக்கரங்கள். ஒன்று இட வல அசைவை அளந்தது, மற்றது முன் பின் அசைவை. இன்றைய மவுஸின் அடியில் ஒரு சின்னஞ்சிறு கேமரா, மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் படம்பிடித்து ஒப்பிடுகிறது. கண்ணாடி மேசையில் அது தடுமாறுவது இதனால்தான். கீழே ஒரு தாளை விரித்தால் சரியாகிவிடும்.

அன்றும் இன்றும் மவுஸ் அளப்பது அசைவை மட்டுமே. அது மேசையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியாது. ஓரத்துக்கு வந்துவிட்டால் தூக்கி நடுவில் வைத்துக்கொள்ளலாம், திரையில் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நிற்கும். யாரும் இதைச் சொல்லித்தராததால் மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு அவதிப்படுபவர்கள் பலர். இரட்டைக் கிளிக்கும் அப்படித்தான். விண்டோஸ் வழக்கமாக அதற்குத் தருவது அரை நொடி; வயதான விரலுக்கு அது போதாது. மவுஸ் அமைப்புகளில் அந்த வேகத்தைக் குறைத்துவைத்துவிடுங்கள். பிறகு சாலிடேர் ஆடட்டும். 1990இல் விண்டோஸ் 3.0உடன் வந்த இந்தச் சீட்டாட்டத்தைவிட, பிடித்து இழுத்து விடுவதற்கு நல்ல பயிற்சி கிடையாது.

அவர் தடுமாறும்போது மவுஸை நீங்கள் வாங்கிச் செய்துகாட்டாதீர்கள். பார்த்துக்கொண்டிருந்தால் கைக்குப் பழக்கம் வராது.

தட்டச்சைத் தமிழிலேயே தொடங்கலாம். ஆங்கிலம் தெரிந்தால்தான் கணினி என்ற எண்ணம் எத்தனையோ பேரைத் தடுத்துவைத்திருக்கிறது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்வரிசை பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் திரையில் "அம்மா" வந்துவிடும். ஒரே எழுத்தை இரண்டு தடவை தட்டியதும் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது. வீட்டில் இருக்கிற பெயர்களையெல்லாம் அடிக்கச் சொல்லுங்கள், நிறுத்த மனம் வராது.

எழுதியதைச் சேமிக்கும் பழக்கம் அன்றே வேண்டும். அடித்துக்கொண்டிருப்பது முதலில் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. கரன்ட் போனால் சிலேட்டைத் துடைத்த மாதிரி அது காலி. கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்ந்தால் வட்டில் பதிந்துவிடும்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்பவர், திரையைப் பகிரச் சொல்பவர், பரிசு விழுந்ததாக இணைப்பு அனுப்புபவர்: இவர்களிடம்தான் நண்பர் தயங்க வேண்டும், விசைப்பலகையிடம் அல்ல. இந்தியாவில் இப்படிப் பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930. அதை ஒரு தாளில் பெரிதாக எழுதி அவருடைய கணினிப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.